விளக்கடி இருட்டில் எழுதியிருப்பது

வாசகர் கேள்வி – பதில்: பழைய டெனிஷ் மேசை விளக்குகள்

1987 மாரிகாலத்தில் டென்மார்க்கின் ஜூட்லாந்தில் எங்களுக்கு முதல் வீடு கிடைத்தபோது, மேல்மாடியில் இருந்த டெனிஷ் அம்மா ஒரு நீல மேசை விளக்கைக் கொண்டுவந்து தந்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களும் படங்களும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, அதனால் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: அனுப்பிய படங்களில் முக்கால்வாசியில் விளக்கு நேராக நிற்கிறது. அதைச் சரித்து அடியையும் ஒரு படம் எடுங்கள். விளக்கடியில் இருட்டு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இந்த விளக்குகளுக்கு ஊர், ஆலை, இலக்கம் எல்லாம் எழுதியிருப்பது அந்த இருட்டில்தான்.

அன்ரி, ஹேர்னிங்கில் புதிதாகத் தனி வீடு எடுத்திருக்கிறேன். பக்கத்துக் கென்புரூக் (பழைய சாமான்) கடையில் கரடுமுரடான நீல விளக்கு ஒன்று 250 குரோனருக்கு இருக்கிறது. அடியில் ‘சோஹோல்ம்’ என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா? வாங்குவதென்றால் எதை எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கு பிள்ளை. ஆனால் கடையிலேயே ஆறுதலாகப் பத்து நிமிடம் அதோடு இரு.

சோஹோல்ம் என்பது போர்ன்ஹோல்ம் தீவில், ரொன்ன நகரத்தில் இருந்த ஆலை. 1835இல் தொடங்கி 1996 வரை நடந்தது. அடியில் ‘ஸ்டேன்தோய்’ என்ற சொல்லும் இருக்கிறதா பார். கல்லைப் போல இறுகும்வரை 1200 பாகைக்கு மேல் சுட்ட களிமண் என்று அர்த்தம், ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் என்பது அதுதான். கூடவே ஓர் இலக்கமும் இருக்கும். அது அந்த உருவத்தின் மாதிரி இலக்கம். செய்த ஆண்டு என்று நினைத்துக்கொண்டு விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ ஏமாறாதே.

அடுத்தது காது. விளக்கைத் துவாய் மாதிரி மெதுவான எதிலாவது வைத்து, நகத்தால் உடம்பில் தட்டு. நல்ல ஸ்டோன்வேர் தெளிவாக ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் அடைத்துப்போய் ‘தொக்’ என்று கேட்கும். ஹோல்டரும் வயரும் மாட்டியிருந்தால் அந்த உலோகமே சத்தத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரே இடத்தில் தட்டி முடிவெடுக்காமல் நாலு பக்கமும் தட்டிக் கேள்.

மூன்றாவது, கழுத்து. இந்த விளக்குகள் அதிகமாக உடைவது அங்கேதான். பித்தளை ஹோல்டரைப் பிடித்துத் தூக்குகிறவர்கள், பல்ப் இறுகிப்போனால் உடம்பைப் பிடிக்காமல் முறுக்குகிறவர்கள், எல்லாருடைய பலமும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் இறங்குகிறது. ஹோல்டருக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார். மெருகில், அதாவது களிமண்ணுக்கு மேலே பூசிச் சுட்ட கண்ணாடி போன்ற பூச்சில், மட்டும் இருக்கும் வெடிப்பு நகத்தில் தட்டாது. நகம் மாட்டினால் அது களிமண் வரை போன வெடிப்பு, அந்த விளக்கை வைத்துவிட்டு வா.

உடைந்ததை ஒட்டிப் பெயின்ற் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சந்தேகமான இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார். சுட்ட மெருகு கல் மாதிரிக் குளிரும். பிளாஸ்டிக் கலந்த பூச்சு அவ்வளவு குளிராது. சின்னப் புற ஊதாக்கதிர் ரோச் லைற் ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கிறது, ஒட்டுப் பசையும் பூச்சும் அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் வேறு நிறத்தில் மினுங்கும்.

கடைசியில் ஒரு பல்பைப் போட்டு எரியவைத்துப் பார். கடைக்காரர் விடவில்லையென்றால், அல்லது வயர் பார்க்கவே பயமாக இருந்தால், உன் கைபேசி வெளிச்சத்தை மேலிருந்து பிடி. பகல் வெளிச்சத்தில் ஒரே நீலமாகத் தெரிவது, மேலிருந்து வெளிச்சம் விழும்போது மேடுகளில் வெளிறி, பள்ளங்களில் மையாகிவிடும். செய்தவர்கள் அதை இரவுக்குத்தான் செய்தார்கள், இரவில் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

என் விளக்கைப் பார்த்த சிநேகிதி, ‘இது விளக்கே இல்லை, பூச்சாடியில் துளை போட்டது’ என்கிறாள். உண்மையா? — ஓடென்ஸ வாசகி

அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிநேகிதி சொன்னது சரி, வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆலையில் விளக்காகவே செய்ததில், வயர் போகும் துளையைக் களிமண் முழுதாகக் காயும் முன்னே, தோல் பதத்தில் இருக்கும்போது குத்துவார்கள். பிறகுதான் மெருகு பூசி, சூளைக்குப் போகும். அதனால் துளையின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும், மெருகு விளிம்பைத் தாண்டி உள்ளே கொஞ்சம் வழிந்திருக்கும். விரலை வைத்தால் வழுக்கும். சுட்ட பிறகு துளைத்ததில் விளிம்பு கூர்மை. சுற்றிவரச் சின்னச் சின்னச் செதில்கள் கழன்று, உள்ளே மெருகில்லாத களிமண் நிறம் தெரியும். உங்கள் விளக்கில் துளைக்கு இடது பக்கத்தில் அரிசி அளவு இரண்டு செதில் போயிருக்கிறது. ஆலைக்காரர் அடியில் குத்திய முத்திரையின் ஓர் எழுத்தையும் துளை தின்றுவிட்டது. எந்த ஆலையும் தன் பெயரின் மேலே துளை போடாது.

இன்னொன்று வாய். பூச்சாடியின் வாய் பூத்தண்டுகளுக்காக விரிந்திருக்கும், அதற்குள் ஒரு தக்கையோ உலோகத் தட்டோ வைத்துத்தான் ஹோல்டரை நிறுத்த முடியும். விளக்கின் கழுத்து ஹோல்டருக்கென்றே ஒடுங்கியிருக்கும்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். அதை அழகான விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சேர்க்கிறவர்களுக்குத் துளை போட்ட சாடி பாதி மதிப்புக்கூட இல்லை. எனக்கும் நல்ல சாடியில் துளை போடுகிறவர்களைப் பார்த்தால் மனம் ஆறாது.

தங்கச்சி, எந்த விளக்கைத் திருப்பினாலும் ‘போர்ன்ஹோல்ம்’ என்றுதான் இருக்கிறது. ஒரு சின்னத் தீவில் ஏன் இத்தனை ஆலை? — ஹோல்ஸ்டப்ரோ வாசகர்

மண்தான் காரணம், அண்ணை. போர்ன்ஹோல்மின் வடக்கு கருங்கல். தென்மேற்கில் ரொன்னவைச் சுற்றிக் களிமண்ணும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் உண்டு. டென்மார்க்கின் மற்றப் பகுதிகளில் கருங்கல்லும் கயோலினும் இப்படி நிலத்துக்கு மேலே கிடைப்பதில்லை. மண் கிடைத்த இடத்தில் குயவர் சேர்ந்தார்கள், குயவர் பட்டறை ஆலையானது. லவுரிட்ஸ் யோர்ட் 1859இல் தொடங்கிய யோர்ட் ஆலை ரொன்னவில் இன்றைக்கும் நிற்கிறது. அருங்காட்சியகமாக இருந்தாலும் உள்ளே ஆட்கள் சக்கரத்தில் களிமண் வைத்து வேலை செய்கிறார்கள். 2017இல் உலகக் கைவினைக் கவுன்சில் அந்தத் தீவுக்கு ‘கைவினைப் பிரதேசம்’ என்ற பெயரைக் கொடுத்தது, ஐரோப்பாவில் அதற்கு முன் வேறெந்த இடத்துக்கும் கொடுக்கவில்லை.

அடியில் மூன்று மீன் இருந்தால் அது மைக்கேல் அண்டர்சன் ஆலை, அதுவும் ரொன்னதான். அங்கே மரியானா ஸ்டார்க் என்ற பெண் 1955இலிருந்து பல பத்தாண்டுகள் வடிவமைத்தார். ‘பெர்சியா’ என்று ஒரு வரிசை உண்டு. மெருகு முழுக்க வலை வலையாக வெடித்து, அந்த வெடிப்புக்குள் நிறம் ஏறியிருக்கும். பழுது என்று நினைத்து விலை குறைத்துக் கேட்காதீர்கள், வேண்டுமென்றே வெடிக்கவைத்தது அது. சூடு ஆறும்போது மெருகு களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அப்படி வெடிக்கும். மற்ற ஆலைகள் அதை எப்படித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தன, இவர்கள் அதையே கோலமாக்கிவிட்டார்கள்.

போக விருப்பமென்றால், கொப்பன்ஹேகனிலிருந்து பாலத்தால் சுவீடனுக்குப் போய், இஸ்டாட் துறைமுகத்தில் கப்பல் எடுங்கள். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், ரொன்னவிலேயே இறங்கலாம். ஜூட்லாந்துக்காரருக்கு அது தூரம் என்றால், மிடில்ஃபார்ட்டில் ‘கிளே’ என்ற களிமண் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன பெல்ட் நீரிணைக் கரையில், பழைய மாளிகை ஒன்றில். ரோயல் கொப்பன்ஹேகனின் பெரிய சேகரிப்பு அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

விளக்கு கிடைத்தது, ஷேட் இல்லை. இணையத்தில் தேடினால் ஷேட் விளக்கை விட விலை. ஏதாவது வெள்ளை ஷேட் ஒன்றை வைத்தால் போதாதா அன்ரி?

போதாது மகள். கோபிக்காதே, நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இது.

ஒரு கதை சொல்கிறேன். 1900ஐ ஒட்டி, பேடர் வில்ஹெல்ம் ஜென்சன்-கிளின்ட் என்ற கட்டிடக் கலைஞர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஸ்டோன்வேரில் வடிவமைத்தார். கொப்பன்ஹேகனில் ஓர்கன் குழாய் மாதிரி மேலே எழும் மஞ்சள் செங்கல் குருந்த்விக் தேவாலயம் இருக்கிறதே, அதை வரைந்தவர். விளக்குக்கு ஏற்ற ஷேட் இல்லாமல், வெறும் கடதாசியை எடுத்து மடித்து மடித்து ஒன்று செய்தார். வீட்டுக்குள் அந்த மடிப்பு வேலை தொடர்ந்தது. பிள்ளைகளும் உறவினரும் மடித்தார்கள், திருத்தினார்கள். 1943இல் மகன் தாகே அதை ஒரு தொழிலாக்கி, தன் மகள் லே-யின் பெயரை வைத்தார். இப்போது உலகமெல்லாம் போகும் லே கிளின்ட் ஷேட் அதுதான். அந்தப் புகழ்பெற்ற ஷேட் பிறந்ததே ஒரு களிமண் விளக்குக்குத் துணையாகத்தான். அதனால்தான் சொல்கிறேன், உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு ‘விளக்கு சேர்க்கிறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி நடைமுறை. விளம்பரத்தில் உயரம் போடும்போது டெனிஷ்காரர் ‘ஃபாட்னிங் இல்லாமல்’ என்று சேர்த்திருப்பார்கள். ஃபாட்னிங் என்றால் ஹோல்டர். களிமண் உடம்பின் உயரம் மட்டும் அது. ஷேட் தெரிவுசெய்ய உனக்கு அந்த அளவுதான் வேண்டும். உடம்பின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ ஷேட்டின் உயரம் இருக்கட்டும். ஷேட்டின் கீழ் அகலம் உடம்பின் மிக அகன்ற இடத்தைவிடத் தாராளமாக வெளியே வர வேண்டும். குண்டான விளக்குக்கு ஒடுங்கிய ஷேட் வைத்தால் சின்னத் தொப்பி போட்ட பெரிய மனிதர் மாதிரி இருக்கும். கதிரையில் இருந்து பார்க்கும்போது பல்ப் கண்ணில் குத்தக்கூடாது, ஹோல்டரும் தெரியக்கூடாது. கழுத்து மட்டும் தெரிந்தால் சரி.

பளிச்சென்ற வெள்ளை பிளாஸ்டிக் ஷேட்டைவிட மங்கிய நிறத்துத் துணி நல்லது. பழுப்பு, பச்சை மெருகுகளை வெள்ளை ஷேட் செத்த நிறமாக்கிவிடும். பல்ப் எல்ஈடி என்றால் 2700 கெல்வின் என்று பெட்டியில் பார்த்து வாங்கு. 4000 போட்டால் வைத்தியசாலை விறாந்தை.

கடைசி வழி, நானும் செய்தது: பழைய சாமான் சந்தையில் உடம்பு வேண்டாததாக இருந்தாலும் ஷேட் நல்லதாக இருக்கிற விளக்கைத் தேடு. லொப்பமார்க்கெட் ஒன்றில் உடைந்த மர விளக்கின் மேல் இருந்த மடிப்பு ஷேட்டை 40 குரோனருக்கு எடுத்தேன். ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் தூசி கோடாகப் படிந்திருந்தது. பெயின்ற் அடிக்கும் மெல்லிய தூரிகையால் ஒரு பின்னேரம் முழுக்க, மடிப்பு மடிப்பாக, மேலிருந்து கீழே. இன்றைக்கு அது என் குசினி யன்னலில்.

சீலை சுற்றிய பழைய வயர் இருக்கிறது. அப்படியே வைத்தால்தானே மதிப்பு? — வைலே வாசகர்

வயருக்காக மதிப்புக் கொடுக்கிறவர் இருக்கலாம், அண்ணை, ஆனால் எரிக்கிற விளக்கில் அதை வைக்காதீர்கள். சீலைக்குள்ளே இருக்கும் ரப்பர் காலத்தால் காய்ந்து, வளைத்தால் பொருக்காக உதிரும். வெளியே நூல் புதிதாகத் தெரிந்தாலும் ஹோல்டருக்குள் பல்ப் சூடு பட்ட இடத்தில் முதலில் போய்விடும். கழற்றினால் வெறும் செம்பு தெரியும். களிமண் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை, ஆனால் ஹோல்டர் பித்தளை என்றால் கை படுவது பித்தளையில்.

டென்மார்க் விதியின்படி வீட்டுக்காரர் தானே பிளக் மாட்டலாம், விளக்கின் வயரை மாற்றலாம். எனக்கு என் மூத்த மகன் செய்து தருகிறான். தெரியாவிட்டால் மின் வேலைக்காரரிடம் கொடுங்கள், அரை மணித்தியால வேலை. சீலை சுற்றிய தோற்றத்திலேயே புதிய வயர் மீற்றர் கணக்கில் விற்கிறது. ஹோல்டரும் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் திருகுக் குழாயில் நிற்பதால் புதியது பொருந்திவிடும். அடித்துளையில் வயர் உராயாமல் ஒரு ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஹோல்டரையும் சுவிச்சையும் எறியாமல் ஒரு கடித உறைக்குள் போட்டு, எந்த விளக்குடையது என்று எழுதி வைத்தால், மதிப்பும் போகாது. என் லாச்சியில் அப்படி பதினொரு உறை இருக்கிறது. வீட்டு மின்பெட்டியில் உள்ள எச்பிஎஃப்ஐ ரிலேயின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிச்சின்) சோதனைப் பொத்தானையும் வருடத்தில் ஒரு தடவையாவது அமுக்கிப் பாருங்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்த விளக்கு எது? நீல விளக்கா? — பல வாசகர்கள்

நீலம் என் முதல் விளக்கு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதை விட்டால், ஒரு பால்ஸ்ஹூஸ்.

பெயரே ஒரு வீட்டுக் கதை. பேர், அனலீஸ, லின்னமன், ஷ்மிட். புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர், தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஹூஸ்’ என்ற வீட்டை ஒட்டிவிட்டார்கள். 1940களின் கடைசியில் தொடங்கி 1972 வரை, கொப்பன்ஹேகனுக்கு மேற்கே செங்கலோச என்ற சின்ன இடத்தில் செய்தார்கள். அடியில் ஊசியால் கீறினது போல ‘பால்ஸ்ஹூஸ் டென்மார்க்’ என்றும் புருஷன் பேர் லின்னமன்-ஷ்மிட்டின் முதலெழுத்துகளும் இருக்கும்.

அவர்களுடைய ‘முயல் மயிர்’ மெருகு இருக்கிறதே, அதை வாயால் சொல்ல முடியுமா என்று முயற்சி செய்கிறேன். தூரத்தில் இருந்து பார்த்தால் சும்மா மண்ணிறம். ஒரு சாண் தூரத்துக்கு வாருங்கள். கழுத்திலிருந்து கீழே ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள், மயிர் வாரிவிட்டது போல, ஒன்றோடொன்று சேராமல் இறங்குகின்றன. கடும் மண்ணிறத்துக்கு மேலே தேன் நிறக் கோடு, அதற்கு மேலே இன்னும் வெளிறியது. தோளில், வளைவு திரும்பும் இடத்தில், மெருகு மெலிந்து கிட்டத்தட்ட வைக்கோல் நிறமாகிவிடுகிறது. அடியில் அது வழிந்து தடித்து, நிலத்தைத் தொட ஒரு நூல் இருக்கும்போது நின்றுவிட்டிருக்கிறது. அந்த விளிம்பைத் தொட்டால் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி ஒரு சின்ன மேடு. இன்னும் கொஞ்சம் வழிந்திருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டி விளக்கு பாழாகியிருக்கும்.

வேலை செய்வது இரும்பு. மெருகில் இரும்பு அதிகம் இருந்தால், பெரிய சூட்டில் அது உருகி ஓடும்போது இரும்பு கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். சீனாவில் சுங் அரசர் காலத்துத் தேநீர்க் கிண்ணங்களில் வந்த மெருகு இது. டென்மார்க்கில் இப்படிப்பட்ட மெருகுகளை அக்கறையாக எடுத்தவர்களில் சாக்ஸ்போ பட்டறையின் நத்தாலி கிரெப்ஸ் முக்கியமானவர். படித்தது இரசாயனப் பொறியியல். 1919இல் ஒரு பெண் அந்தப் படிப்பை முடிப்பது என்றால் யோசித்துப் பாருங்கள். ஹேர்லேவில் பட்டறை. அவர் மெருகைக் கவனித்தார், ஏவா ஸ்டேர்-நீல்சன் 1932இலிருந்து உருவங்களைக் கவனித்தார். 1968இல் மூடும்வரை அந்த இரண்டு பெண்களின் பெயரில்தான் சாக்ஸ்போ நின்றது. என்னிடம் சாக்ஸ்போ விளக்கு இல்லை. ஒரு தடவை ஏலத்தில் கை தூக்கி, மூன்றாவது விலையில் கையை இறக்கிவிட்டேன்.

நான் பராமரித்த வயோதிபர் வீட்டில், அவர் இறந்தபின் பிள்ளைகள் எனக்கு ஒரு விளக்கைத் தந்தார்கள். அடியில் மூன்று அலை, குறுக்கே ஒரு கீறல், சரிந்த கோட்டோடு ஓர் இலக்கம். கீறல் எப்படி வந்தது? நல்ல விலை போகுமா? — ஓர்ஹூஸ் வாசகி

மூன்று அலை ரோயல் கொப்பன்ஹேகன். டென்மார்க்கின் மூன்று நீரிணைகள்: ஓரசுண்ட், பெரிய பெல்ட், சின்ன பெல்ட். ஆலை 1775இல் தொடங்கியது. அலைகளின் குறுக்கே மெருகை வெட்டிக்கொண்டு போகும் கீறல் தற்செயலாக வந்ததில்லை. ஆலையே ‘இரண்டாம் தரம்’ என்று போட்ட அடையாளம் அது. எங்கோ ஒரு குண்டூசி முனைத் துளையோ நிறப் பிசகோ இருக்கலாம். நீங்கள் அனுப்பிய படங்களில் என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. சரிந்த கோட்டுக்கு இடது பக்கத்து இலக்கம் அலங்காரத்துக்கு, வலது பக்கம் உருவத்துக்கு. பக்கத்தில் என், டி இரண்டும் பின்னிய ஓர் எழுத்து இருக்கிறது, அது நில்ஸ் தோர்சன். அந்த ஆலையின் 1960களின் ‘பாக்கா’ வரிசைக்குப் பின்னால் இருந்த முக்கியமான கை.

விலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். அக்ஸல் சால்டோ என்ற டெனிஷ் மட்பாண்டக் கலைஞரின் முளைவிடுகிற மாதிரிப் பெரிய ஸ்டோன்வேர் படைப்புகள் ஏலத்தில் போகும் விலை வேறு உலகம். எங்கள் கைக்கு வரும் விளக்குகள் ஆலையில் நிறையச் செய்தவை. கடையில் எழுதியிருக்கும் விலையை நாங்கள் விற்கும்போது யாரும் தர மாட்டார்கள். காசு பெருக்க இதற்குள் வராதீர்கள். உங்களுடையதை விற்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் நாலு வருடம் தினமும் ஏற்றி அணைத்த விளக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் அதைத் தெரிந்துதான் தந்திருக்கிறார்கள்.

எப்படிக் கழுவுவது?

கழுவக்கூடாது. ஈரத் துணியால் துடைக்கலாம், செதுக்கு வேலைக்குள் அழுக்கு இருந்தால் மெதுவான பல் தூரிகையும் ஒரு துளி பாத்திரச் சோப்பும். அதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்டோன்வேர் தண்ணீர் குடிப்பது குறைவு. குறைந்த சூட்டில் சுட்ட களிமண் அப்படி இல்லை. அடியில் மெருகு இல்லாத இடம் ஒன்று போதும், உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வெள்ளை விளக்கை நான் ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன். காலையில் சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து, காயக் காய, மெருகு வெடிப்புகள் வழியே தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறக் கறை மேலே வந்தது. பழைய அழுக்கைத் தண்ணீர் உள்ளேயிருந்து இழுத்து வந்திருக்கிறது. பத்து வருடமாகியும் போகவில்லை.

இணையத்தில் வாங்கி, தபாலில் எடுக்கலாமா?

போய் எடுக்க முடிந்தால் போய் எடுங்கள். முடியாவிட்டால், அனுப்புகிறவரிடம் மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: ஷேட் வளையத்தையும், கழற்ற முடிந்தால் ஹோல்டரையும் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, கழுத்தைச் சுற்றி வெற்றிடம் இல்லாமல் அடைக்க வேண்டும். எனக்கு வந்த ஒரு பச்சை விளக்கு ஹோல்டரோடேயே ஒற்றைப் பெட்டியில் வந்தது. ஹோல்டர் நெம்புகோலாகிக் கழுத்தைப் பிளந்துவிட்டது. விற்றவர் காசைத் திருப்பித் தந்தார், விளக்கு போனது போனதுதான்.

அம்மம்மா, உங்களிடம் 23 விளக்கு இருக்கிறது என்று அம்மா சொன்னா. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றுவீர்களா? — ஒன்பது வயது வாசகி

இல்லைக் குஞ்சு. ஒரு நேரத்தில் ஐந்து. மிச்சம் அலுமாரியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய தலையணை உறை. மாதம் முதலாம் திகதி ஒன்றை உள்ளே வைத்து, ஒன்றை வெளியே எடுப்பேன். மார்கழியில் இங்கே நாலு மணிக்கு முன்னே இருட்டிவிடும் என்று உனக்குத் தெரியும்தானே. மூன்றரைக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, முதலில் யன்னலோரத்து நீல விளக்கைப் போடுவேன். அது மட்டும் உறைக்குள் போவதில்லை. பிறகு குசினி. பிறகு படிக்கும் கதிரைக்குப் பக்கத்தில் முயல் மயிர். பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுப் பக்கமாகப் போகிற பிள்ளைகள் யன்னலைப் பார்த்து எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். அம்மாவைக் கேட்டுக்கொண்டு நீயும் ஒரு முதலாம் திகதி வா, அன்றைக்கு எதை எடுப்பது என்று நீயே சொல்லு.